சிக்ஸ் ஸ்டெப்பா, ஃப்ரீஸா, விண்ட்மில்லா? பிரேக்கிங்கின் முதல் ஆறு மாதத்தை எதற்குக் கொடுப்பது

பிரேக்கிங் என்ற ஆட்டம் பழக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?" சிலர் வீட்டில் இரண்டு மூன்று மாதம் வீடியோ பார்த்துப் பழகிவிட்டு, எதுவும் முழுசாக வராத சலிப்போடு வந்து கேட்பார்கள். ஒருவருக்கு, முதுகில் உருண்டு காலை வீசிச் சுழலும் விண்ட்மில் அரைச் சுற்றிலேயே நின்றுவிடும். இன்னொருவரால், கையை ஊன்றி உடம்பைத் தூக்கி உறைந்து நிற்கும் பேபி ஃப்ரீஸில் நாலு விநாடி நிற்க முடியும்; ஆனால் பாட்டைப் போட்டால் அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்வதென்று தெரியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இடம்பெற்ற பிறகு, முப்பது வயதைத் தாண்டியவர்களும் வந்து கேட்கிறார்கள். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் 'பிரேக் டான்ஸ்' என்றதும் ரோபோ மாதிரி உடம்பை வெட்டி வெட்டி ஆடுவதும் மூன்வாக்கும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது பாப்பிங் குடும்பம். 1970-களில் கலிஃபோர்னியாவில் வளர்ந்தது. நான் இங்கே எழுதுவது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த, தரையில் இறங்கி ஆடும் ஆட்டத்தைப் பற்றி. 1973 ஆகஸ்ட் 11 அன்று அங்கே செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே பாட்டுப் போட்டவர் டிஜே கூல் ஹெர்க். பாட்டில் குரல் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் முன்னால் வரும் இடத்துக்கு 'பிரேக்' என்று பெயர். ஒரே பாட்டின் இரண்டு ரெக்கார்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்தத் துண்டை நீட்டியவர் அவர். அந்தத் துண்டுக்காகக் காத்திருந்து ஆடியவர்கள்தான் பி-பாய்கள், பி-கேர்ள்கள். இந்த ஆட்டம் டிரம்ஸ் சத்தத்திலிருந்து பிறந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் ஒரு பக்கம் சாய்வதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

## எதையெல்லாம் வைத்துப் பார்ப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன. நின்றபடி ஆடும் டாப்ராக்கும், தரையில் கைகளை ஊன்றிக் காலால் ஆடும் ஃபுட்வொர்க்கும் ஒரு வழி. ஒரு நிலையில் உறைந்து நிற்கும் ஃப்ரீஸ் இரண்டாவது. விண்ட்மில், தலையை ஊன்றிச் சுழலும் ஹெட்ஸ்பின், கைகளை ஊன்றி விரித்த கால்களைச் சுழற்றும் ஃப்ளேர் மாதிரி உடம்பே சுழலும் பவர் மூவ்கள் மூன்றாவது. இவற்றை எடைபோட நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது உடம்பு. மணிக்கட்டுக்கு நம் எடையைத் தாங்கிப் பழக்கமில்லை. தசை சில வாரங்களில் பலப்படத் தொடங்கிவிடும். தசைநார்களும் மூட்டுகளும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். அதனால் 'இப்போ நல்லா வருதே' என்று தோன்றி நேரத்தைக் கூட்டும்போதுதான் பலருக்கு வலி ஆரம்பிக்கிறது.

இரண்டாவது இசை: பாட்டைப் போட்டு அரை நிமிடமாவது ஆட எத்தனை நாளாகும்? மூன்றாவது இடமும் தரையும். நான்காவது, இன்றைக்குப் பழகுவது நாளைக்கு வேறு எதற்குக் கைகொடுக்கும் என்பது. ஐந்தாவது ஆர்வம். பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மூன்றாவது வாரம் நின்றுபோகும் பயிற்சி எவ்வளவு சரியானதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

| | டாப்ராக் + ஃபுட்வொர்க் | ஃப்ரீஸ் | பவர் மூவ் |
|---|---|---|---|
| உடம்புக்குச் சுமை | குறைவு. தொடை, முழங்கால், மணிக்கட்டு | நடுத்தரம். மணிக்கட்டு, கழுத்து | அதிகம். தோள், கழுத்து, இடுப்பெலும்பு, முதுகு |
| பாட்டுக்கு ஆட | சில வாரங்கள் | தனியாக ஆட முடியாது | பல மாதங்கள் |
| தேவையான இடம் | பாய் விரிக்கும் இடத்தைவிடக் கொஞ்சம் கூட | பாய் அளவு | நாலு பக்கமும் காலை நீட்டும் அளவு, வழுக்கும் விரிப்பு |
| அடுத்ததற்கு உதவி | எல்லாவற்றுக்கும் | பவர் மூவுக்கு நன்றாக | மற்ற இரண்டுக்கும் குறைவு |
| முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவது | மெதுவாக | வாரா வாரம் | ரொம்ப நாள் ஒன்றுமில்லை, பிறகு ஒரே நாளில் |
| மறைந்திருக்கும் செலவு | சலிப்பு | ஒரு பக்கம் மட்டும் பலப்படுவது | காயம், காயத்தால் போகும் வாரங்கள் |

## டாப்ராக்கும் ஃபுட்வொர்க்கும் முதலில்

ஃபுட்வொர்க்குக்கு வாசல் சிக்ஸ் ஸ்டெப். கைகள் நடுவில், கால்கள் ஆறு அடியில் உடம்பைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். தண்டால் எடுக்கும் நிலையில் தொடங்கலாம். முதல் மூன்று அடியில், தரையைப் பார்த்த நெஞ்சு மெல்லத் திரும்பி மேலே பார்க்கும். நண்டு மாதிரி, கை பின்னால் ஊன்றி, முழங்கால் மடங்கிய நிலைக்கு வருவீர்கள். அடுத்த மூன்றில் திரும்பவும் தண்டால். ஒவ்வொரு அடியிலும் கால் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு வழிவிட்டு ஒரு கை எழும். இன்னொரு கை தரையில் இருக்கும்.

வரிசையைப் பெரும்பாலானவர்கள் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவார்கள். அப்புறம்தான் வேலை தொடங்குகிறது. புதியவர்களிடம் நான் பார்ப்பது நாலு தவறு: இடுப்பு தொங்கிப் பின்புறம் தரையில் உரசும், குதிகாலை ஊன்றுவார்கள், இரண்டு கைகளும் எழவே எழாது, கண் தரையை விட்டு நகராது. இந்த நாலையும் ஒரே நாளில் சரிசெய்யப் பார்த்தால் ஒன்றும் சரியாகாது. வாரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பழகிய காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். பாட்டு போட முடியாது. காலை 'தொப்' என்று வைத்தால் கதவு திறந்துவிடும். அதனால் சத்தமே வராமல் காலை வைக்கப் பழகினேன். சத்தம் வராமல் வைக்க வேண்டுமென்றால் முன்பாதத்தில்தான் இறங்க வேண்டும். முன்பாதத்தில் இறங்க வேண்டுமென்றால் இடுப்பு தானாக எழும். இடுப்பு எழுந்தால் எடை தோளுக்கு வந்து கை லேசாகும். யாரும் சொல்லித் தராமலே நாலில் மூன்று தவறு அந்த ஒரு கட்டுப்பாட்டால் சரியானது. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் பாட்டை நிறுத்திவிட்டு, 'பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குதுன்னு நினைச்சுக்கிட்டு ஒரு சுத்து வா' என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து எண்ணிக்கை. பிரேக்கிங் பாட்டுகள் நாலு நாலாக, எட்டு எட்டாக எண்ணப்படுபவை. சிக்ஸ் ஸ்டெப்புக்கோ ஆறு அடி. பீட்டுக்கு ஓர் அடி வைத்தால் முதல் சுற்று ஆறில் முடியும். பாட்டு இன்னும் எட்டுக்கு வந்திருக்காது. இரண்டாவது சுற்று எட்டின் நடுவில் முடியும். நாலு சுற்று முடிந்து இருபத்து நாலு அடியாகும்போதுதான் காலும் பாட்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்கும். இதை வாய்விட்டு எண்ணியபடி ஒரு வாரம் செய்து பாருங்கள், பாட்டைக் கேட்கும் விதமே மாறிவிடும். இன்னொரு வழி: ஆறு அடி முடித்து, மீதி இரண்டு பீட்டுக்கு அப்படியே நில்லுங்கள். எட்டாகிவிட்டது. அந்த இரண்டு பீட் இடைவெளியில்தான் பிற்பாடு ஒரு ஃப்ரீஸ் வந்து உட்காரப் போகிறது.

டாப்ராக்கைப் பலர் தரையில் இறங்குவதற்கு முன் ஒப்புக்குச் செய்கிறார்கள். இது வருத்தமான விஷயம். சைஃபரில், அதாவது ஆட்டக்காரர்கள் சுற்றி நிற்கும் வட்டத்துக்குள், நீங்கள் நுழைவதே டாப்ராக்கோடுதான். டூ-ஸ்டெப் ஒன்றே போதும் முதல் இரண்டு மாதத்துக்கு: ஒரு கால் குறுக்கே முன்னால், திரும்ப நடுவுக்கு, அடுத்த கால் குறுக்கே. காலைக் குறுக்கே வைக்கும்போது கை விரியும், நடுவுக்கு வரும்போது கை மூடும். பஸ் ஸ்டாப்பில்கூடப் பழகலாம்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு சலிப்புதான். மூன்று மாதம் உழைத்து வீட்டில் ஆடிக் காட்டினால் 'தலைகீழா சுத்தலையா?' என்று கேட்பார்கள். முதல் பத்து நாள் தொடை பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏற முடியாது. முழங்காலில் ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர்களுக்கு இப்படிக் குந்தியே ஆடுவது ஒத்துவராமல் போகலாம். ஷூவின் முன்பகுதி சீக்கிரம் தேயும். நல்ல ஷூவைப் பயிற்சிக்குப் போடாதீர்கள்.

ஆடவே வேண்டும், பாட்டுக்கு ஆட வேண்டும் என்று வந்தவர்களுக்கு இதுதான் வழி. முப்பது வயதுக்கு மேல் தொடங்குகிறவர்களுக்கும், வாரத்தில் மூன்று அரைமணி நேரம் மட்டுமே கிடைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பாரிஸில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் அமி ஆடுவதைத் தேடிப் பாருங்கள். நின்ற ஆட்டத்திலிருந்து தரைக்கு இறங்கும் இடத்தில் ஒரு வெட்டுகூடத் தெரியாது. அவர் கால்வேலையின் ஓட்டம்தான் முதலில் கண்ணில் படும்.

## ஃப்ரீஸ் முதலில்

ஃப்ரீஸ் என்பது வாக்கியத்தின் முற்றுப்புள்ளி மாதிரி. டிரம்ஸ் ஓர் அடி ஓங்கி விழும் நேரத்தில் உடம்பு அப்படியே நிற்க வேண்டும். முதலில் பழகுவது பேபி ஃப்ரீஸ். இதன் ரகசியம் முழங்கையில் இருக்கிறது. வலது முழங்கையை மடக்கி வயிற்றின் பக்கவாட்டில், இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே குத்தி வையுங்கள். வலது உள்ளங்கை தரையில். இடது உள்ளங்கையையும் ஊன்றி, தலையின் பக்கவாட்டை லேசாகத் தரையில் வையுங்கள். பிறகு இடது முழங்காலை இடது முழங்கை மேல் ஏற்றினால், கால்கள் இரண்டும் தரையை விட்டு வந்துவிடும். எடையை எலும்பு தாங்க வேண்டும். கை நடுங்கினால் முழங்கை சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்காமல், இறங்கி முழங்கையை மறுபடி வையுங்கள்.

காகாசனம் செய்து பழகியவர்களுக்கு இது இரண்டே நாளில் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழியின் பெரிய லாபம், முன்னேற்றம் எண்ணிக்கையாகத் தெரிவது. போன வாரம் மூன்று விநாடி, இந்த வாரம் ஏழு. இதே முழங்கைக் குத்துதான் பின்னால் விண்ட்மில்லுக்கும், ஒரு கையை ஊன்றிச் சுழலும் ஹேண்ட் கிளைடுக்கும் வேண்டியது. தென்கொரியாவின் ஹாங் 10 என்ற பி-பாயின் அடையாளமே அவருடைய ஃப்ரீஸ்கள்தான். ரெட் புல் பிசி ஒன் என்ற உலகப் பிரேக்கிங் போட்டியின் பட்டத்தை அவர் 2006, 2013, 2023 என மூன்று முறை வென்றார். முதல் பட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பதினேழு ஆண்டுகள். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நெடுங்காலம் ஆட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

செலவுகளும் உண்டு. எல்லாருக்கும் ஒரு பக்கம்தான் சுலபமாக வரும். அந்தப் பக்கத்தையே செய்துகொண்டிருப்பார்கள். ஆறு மாதத்தில் ஒரு தோள் மட்டும் பலப்பட்டு, மறுபக்கம் தொடக்க நாளில் இருந்தபடியே இருக்கும். வராத பக்கத்தில்தான் ஒவ்வொரு நாளும் தொடங்க வேண்டும். கழுத்தில் எடை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டைச் சூடாக்காமல் நேராக ஃப்ரீஸுக்குப் போவது ரொம்பத் தப்பு: நாலு காலில் நின்று, விரல்களை முன்பக்கம், வெளிப்பக்கம், முழங்காலைப் பார்த்தபடி என்று திருப்பித் திருப்பி வைத்து மெதுவாக எடை கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்று, ஃப்ரீஸ்களை மட்டும் கற்றவர் பாட்டு வந்ததும் தவித்துப் போவார். நாலு முற்றுப்புள்ளி இருக்கும், நடுவில் வாக்கியம் இருக்காது.

சின்ன அறை, கீழ்வீட்டுக்காரர் தொந்தரவு, முழங்கால் வலி, யோகாவோ உடற்பயிற்சியோ செய்த பழக்கம்: இதில் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் ஃப்ரீஸில் தொடங்குவது நியாயமான முடிவு.

## பவர் மூவ் முதலில்

இந்த ஆசையை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். என்னையும் இழுத்து வந்தது விண்ட்மில்தான். பிராங்க்ஸின் ராக் ஸ்டெடி க்ரூ என்ற ஆட்டக் குழுவைச் சேர்ந்த பி-பாய் கிரேஸி லெக்ஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அசைவு அது. முழங்கையை வயிற்றில் குத்தி, காலை வீசி, தோள் வழியாக முதுகில் உருண்டு, விரித்த கால்களின் வேகத்தாலேயே திரும்பவும் முகம் தரையைப் பார்க்க, அதே முழங்கைக் குத்தில் வந்து விழ வேண்டும். பார்ப்பவருக்குக் கால்தான் தெரியும். சுற்றுவது இடுப்பு. காலை மடக்கினாலோ சேர்த்தாலோ வேகம் செத்துவிடும்; இடுப்பு தரையில் உட்கார்ந்துவிட்டால் அரைச் சுற்றில் நிற்கும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த 'அரைச் சுற்று' நண்பர்களிடம் 'விண்ட்மில்லை விட்டுட்டு பேபி ஃப்ரீஸில் பத்து விநாடி நில்லுங்க' என்பேன். பாதிப் பேருக்கு முடியாது. திரும்பி வந்து விழ வேண்டிய இடமே இன்னும் கட்டப்படவில்லை என்றால் உடம்பு அங்கே வரப் பயப்படத்தான் செய்யும். இன்னும் ஆயிரம் முறை வீசினாலும் அது தீராது.

செலவுகள் இங்கேதான் அதிகம். இடுப்பெலும்பிலும் தோளிலும் நீலம் பாயும். மொசைக்கோ டைல்ஸோ வழுக்கும், ஆனால் எலும்புக்கு இரக்கம் காட்டாது. சிமெண்ட் தரை தோலை உரித்துவிடும். ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பது பிராங்க்ஸ் தெருக்களில் தொடங்கிய பழைய வழி, இன்றும் நல்ல வழி. அட்டை நகராமல் நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். முழங்கை, முழங்கால் பேடு வாங்க வேண்டியிருக்கும். பணத்தைவிடப் பெரிய செலவு நாட்கள்: தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தால், அந்த மூன்று வாரத்தில் சிக்ஸ் ஸ்டெப் இரண்டு பக்கமும் வந்திருக்கும். ஹெட்ஸ்பின்னை ஆண்டுக்கணக்கில் செய்பவர்களுக்கு உச்சந்தலையில் முடி கொட்டி, மேடு தட்டுவதுண்டு. அப்படி வளர்ந்த கட்டியை அறுவை செய்து எடுத்த ஓர் ஆட்டக்காரரைப் பற்றி டென்மார்க் மருத்துவர்கள் 2024-இல் எழுதினார்கள். முதல் ஆண்டில் ஹெட்ஸ்பின் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

போட்டிதான் குறி என்றாலும் பவர் மட்டும் போதாது. பாரிஸில் நடுவர்கள் பார்த்தவை ஐந்து: நுட்பம், அசைவுகளின் வகை, பிசகில்லாமல் செய்வது, தனித்தன்மை, இசையோடு இணைவது. ஐந்துக்கும் ஒரே எடை, தலா 20 சதவீதம்.

ஆனாலும் இந்த வழி சரியாகும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர்களுக்கு ஃப்ளேரின் பாதி ஏற்கெனவே தெரியும். தோளும் மணிக்கட்டும் தயாராக இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த அனுபவசாலி ஒருவர் இருக்கும் பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ விண்ட்மில்லுக்காகத்தான் தினமும் வருகிறார் என்றால், 'முதலில் ஃபுட்வொர்க்' என்று தடுத்து அந்த ஆசையை அணைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதுகில் படுத்துச் சுழலும் பேக்ஸ்பின்னில் தொடங்கட்டும், எலும்பு நோகாது, சுழற்சியின் சுகம் முதல் வாரமே தெரியும்.

## எனக்குச் சரியென்று படுவது

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது ஃபுட்வொர்க்கில் தொடங்குங்கள் என்றுதான். அரைமணி நேரப் பயிற்சி என்றால் ஐந்து நிமிடம் மணிக்கட்டுக்கு, ஐந்து நிமிடம் டாப்ராக், பதினைந்து நிமிடம் சிக்ஸ் ஸ்டெப், கடைசி ஐந்து நிமிடம் ஒரே ஒரு ஃப்ரீஸ், இரண்டு பக்கமும். ஃப்ரீஸைக் கடைசியில் வைக்கும்போது உடம்பு சூடாக இருக்கும், ஆனால் கை களைத்திருக்கும். அதனால் எண்ணிக்கையைக் கூட்டாமல் சரியாக நிற்பதை மட்டும் பாருங்கள். அடுத்த நாளும் மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு டாப்ராக் மட்டும். வலி இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எப்போது அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு மாதக் கணக்கு சொல்வதில்லை. ஒரு சோதனை சொல்கிறேன். எதிர்ச்சுவரில் கண் உயரத்தில் ஒரு காலண்டரை மாட்டுங்கள். பாட்டைப் போட்டு, டூ-ஸ்டெப்பில் தொடங்கி, பீட் தவறாமல் தரைக்கு இறங்கி, நாலு சிக்ஸ் ஸ்டெப் வாருங்கள். உடம்பு சுற்றி முன்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் காலண்டரில் ஒரு தேதியைப் படியுங்கள். பிறகு பேபி ஃப்ரீஸில் நாலு பீட் நின்று எழுங்கள். அடுத்து, அதையே மறுபக்கம் சுற்றி. இரண்டு பக்கமும் தேதிகள் சரியாக வந்துவிட்டதென்றால், அட்டைப்பெட்டியை விரித்து விண்ட்மில்லைத் தொடங்கலாம்.